உம்மாவின் டிவியில் ஏன் ஓடவில்லை? வீடியோ கோப்பு வகைகள் பற்றி ஒரு விரிவான பதில்

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் வீட்டில் மூன்று காலத்து வீடியோக்கள் இருக்கின்றன. 2003இல் நடந்த நிக்காஹ் மூன்று வீசிடிகளில் இருக்கிறது. 2011இல் தம்பியின் திருமணத்தைக் கைக்கேமராவில் எடுத்தது எம்.டி.எஸ். என்று முடியும் கோப்புகளாக இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் காக்கா (அண்ணன்) விடுமுறையில் வந்தபோது ஐபோனில் எடுத்தவை எம்.ஓ.வி. கோப்புகளாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் போட்டு உம்மாவின் டிவியில் செருகினால், வீசிடியிலிருந்து எடுத்தவை பட்டியலிலேயே வரவில்லை. கைக்கேமராக் கோப்புகளில் படம் ஓடுகிறது, ஒலி இல்லை. ஐபோன் கோப்புகளில் ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி எல்லாக் கோப்புகளின் பெயரையும் எம்.பி.4 என்று முடியுமாறு மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்கிறார்.

பாம்பனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருமண வீடியோக்களையும் திருவிழா வீடியோக்களையும் தொகுத்துக்கொடுக்கும் வேலை செய்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். முதலில், பெயரை மாற்றிய கோப்புகளுக்குப் பழைய பெயரையே திரும்ப வைத்துவிடுங்கள். கரையில் ஐஸ் பெட்டியின் மேல் இறால் என்று எழுதி ஒட்டிவிட்டால் உள்ளே கிடக்கும் சூடை மீன் இறாலாகிவிடாது அல்லவா? கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் மூன்று நான்கு எழுத்துகள் அந்தச் சீட்டைப் போன்றவைதான். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பவையெல்லாம் பெட்டிகளின் பெயர்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் படம் தனியாகவும் ஒலி தனியாகவும், சில வேளைகளில் வசன வரிகள் தனியாகவும் அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் படத்துண்டுக்கு எந்த ஒலித்துண்டு சேரும் என்ற அட்டவணையும் உடன் இருக்கும். படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். உங்கள் டிவி பெட்டியைத் திறக்கத் தெரிந்ததாக இருக்கலாம்; உள்ளிருக்கும் படத்தையோ ஒலியையோ விரிக்கத் தெரியாததாகவும் இருக்கலாம். உங்கள் மூன்று தொல்லைகளும் மூன்று வெவ்வேறு இடத்தில் ஏற்பட்ட தடைகள். ஆகவே மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்குச் சொல்வேன். இன்றைய முழு ஹெச்.டி. படத்தின் ஒரு சட்டகத்தில், அதாவது ஓடும் படத்தின் ஒரு நிலைப்படத்தில், 1920க்கு 1080 என்ற அளவில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. வினாடிக்கு 25 சட்டகங்கள் என்ற கணக்கில் எதையும் சுருக்காமல் பதிந்தால், வண்ணத் தகவலை வழக்கம்போல் குறைத்து வைத்தாலும்கூட, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 280 ஜிபி வேண்டும். அதே ஒரு மணி நேரத்தை வினாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் ஹெச்.264 என்ற கோடெக்கில் சுருக்கினால் 3.6 ஜிபியில் அடங்கிவிடும். சட்டகத்துக்குச் சட்டகம் மாறாத சுவரையும் பந்தலையும் மறுபடி மறுபடி எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் எழுதிவைப்பதால்தான் இந்தச் சேமிப்பு சாத்தியமாகிறது. கடற்கரையில் எடுத்த படங்கள் சீக்கிரம் கட்டங்கட்டமாக உடைந்து தெரிவதற்கும் இதுவே காரணம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் அலையைப் படம் பிடித்தால், சட்டகத்தின் பாதி ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கும். மிச்சப்படுத்த அங்கே அதிகம் இல்லை.

பெட்டிகளின் கதை நீளமானது. உங்களுக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். ஆப்பிள் நிறுவனம் 1991இல் குவிக்டைமைக் கொண்டுவந்தது, எம்.ஓ.வி. அதன் பெட்டி. மைக்ரோசாஃப்ட் 1992இல் ஏ.வி.ஐ.யைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த எம்.பி.4 குவிக்டைமின் அமைப்பை அடியொற்றியது என்பதால் எம்.ஓ.வி.யும் எம்.பி.4உம் அண்ணன் தம்பி மாதிரி; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிது. எம்.கே.வி. 2002இல் தொடங்கிய திறந்த முயற்சி. அதற்குள் எந்தக் கோடெக்கையும், எத்தனை ஒலித்தடங்களையும், எத்தனை மொழி வசன வரிகளையும் போடலாம். இந்தத் தாராளத்தாலேயே, எம்.கே.வி. ஓடும் என்று ஒரு டிவியின் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதற்கு அதிகப் பொருள் இல்லை. டிவிடியில் இருப்பவை வி.ஓ.பி.; பழைய கைபேசிகளில் இருந்தவை 3ஜி.பி.

கோடெக்கின் தலைமுறைகளைத் தெரிந்துகொள்வதுதான் உண்மையில் பயன்படும். வீசிடியில் இருப்பது எம்பெக்-1. டிவிடியில் இருப்பது எம்பெக்-2. ஏ.வி.ஐ. பெட்டியில் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று புழங்கியவை அடுத்த தலைமுறை. 2003இல் வந்த ஹெச்.264 எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நிலைத்துநின்றது. இன்று எந்தக் கைபேசியிலும் எந்த டிவியிலும் ஓடும் என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 2013இல் ஹெச்.265 வந்தது, ஹெச்.இ.வி.சி. என்பதும் அதுவே. ஹெச்.264க்கு ஏறத்தாழப் பாதி அளவில் அதே தரத்தைத் தருவது அதன் சிறப்பு. உரிமக் கட்டணச் சிக்கலும், விரிக்கத் தேவைப்படும் கூடுதல் கணக்குவேலையும் அதன் குறை. இணையத்துக்காகக் கூகுள் கொண்டுவந்த வி.பி.9, அதற்குப் பின் பல நிறுவனங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஏ.வி.1 ஆகியவை உங்கள் பென்டிரைவுக்கு இப்போதைக்குத் தேவைப்படா.

கணினியில் ஓடுவது டிவியில் ஏன் ஓடவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கணினியில் வி.எல்.சி. போன்ற ஒரு செயலியை நிறுவினால், ஏறத்தாழ எல்லாக் கோடெக்குகளையும் விரிக்கும் நிரல் அதற்குள்ளேயே இருக்கும். கணினியின் மையச் சில்லு மெதுவாகவாவது அந்தக் கணக்கைப் போட்டுவிடும். டிவியிலோ, படத்தை விரிப்பதற்கென்று ஒரு தனிச் சுற்று சில்லுக்குள் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுற்றுக்கு எந்த முறைகள் தெரியுமோ அவை மட்டுமே ஓடும். மென்பொருளைப் புதுப்பித்தாலும் புதிய முறை தெரிந்துவிடாது. தெரிந்த முறையிலும் ஓர் எல்லை உண்டு; அதை நிலை என்ற எண்ணால் குறிப்பார்கள். ஹெச்.264இல் நிலை 4.1 என்பது முழு ஹெச்.டி. படம் வினாடிக்கு 30 சட்டகம் வரை என்று கொள்ளலாம். அதே படம் வினாடிக்கு 60 சட்டகமானால் நிலை 4.2 வேண்டும், 4கே படமானால் 5.1 வேண்டும். ஆகவே ஒரே ஹெச்.264 எம்.பி.4 கோப்பு பக்கத்து வீட்டு டிவியில் ஓடி உங்கள் வீட்டில் ஓடாமல் போவதில் வியப்பு இல்லை.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலி இதற்குப் போதும். கோப்பை அதன்மேல் இழுத்துவிட்டால் பெட்டி எது, படக் கோடெக் எது, நிலை என்ன, வண்ணத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் வண்ண ஆழம் 8 பிட்டா 10 பிட்டா, ஒலி எந்த முறை, சட்டக வேகம் நிலையானதா மாறுவதா என்று எல்லாம் சொல்லிவிடும். கடைக்கு வருகிறவர்கள் கோப்பின் பெயரைச் சொல்லி விலை கேட்பார்கள். நான் இந்தச் சாளரத்தைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

இனி உங்கள் வீசிடிகளுக்கு வருவோம், ஏனெனில் அவைதான் அவசரம். கைக்கேமராக் கோப்பும் ஐபோன் கோப்பும் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். வட்டு இருக்குமா என்று சொல்ல முடியாது. நம் கரையின் உப்புக்காற்றில் பென்டிரைவின் முனையே களிம்பேறுகிறது. வட்டின் மேல்பூச்சில் கீறல் விழுந்து காற்றுப் புகுந்தால் உள்ளிருக்கும் உலோகப் படலம் அரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது ஊசித்துளைகள் தெரியும். அதிலும் வீசிடிக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. ஒரு சிடிக்குள் கூடுதல் நேரம் அடக்குவதற்காக, கணினிக் கோப்புகளுக்கு உள்ள பிழை திருத்தும் கூடுதல் பகுதியை வீசிடியின் படப்பகுதியில் விட்டுவிட்டார்கள். ஆகவே தரவுச் சிடியில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு கீறல், வீசிடியில் படத்தைத் தொட்டுவிடும். டிவிடி பிளேயர் அதைக் கட்டங்களாகக் காட்டிவிட்டுத் தாண்டிப் போகும். விண்டோஸில் நகலெடுக்கப் போனாலோ பாதியில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். அப்படி நின்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்புச் செயலியால் பலமுறை படிக்கச் செய்து, முடிந்ததை எடுக்க வேண்டும். மெல்லிய பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும்.

வட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற அடைவுக்குள் டி.ஏ.டி. என்று முடியும் பெரிய கோப்பு ஒன்றோ சிலவோ இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு வெகுவாகக் குறைந்தால் நகல் முழுமையாக வரவில்லை என்று பொருள். டி.ஏ.டி. என்பது தனி வகைப் படமே அல்ல. எம்பெக்-1 படத்தின் மேல் சிடிக்குரிய ஓர் உறை சுற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டி.ஏ.டி. என்ற முடிவெழுத்து படத்துக்குரியது என்று டிவிக்குத் தெரியாததால் அது பட்டியலிலேயே சேர்க்கவில்லை, எம்.பி.4 என்று பெயர் மாற்றியபோது, எம்.பி.4 அட்டவணையைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டிருக்கும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவி கொண்டோ அந்தக் காலத்து வீசிடி கருவிகள் கொண்டோ உறையை மட்டும் உரித்து எம்.பி.ஜி. என்ற கோப்பாக எடுக்கலாம். படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. இதுவே உங்கள் மூலப்பிரதி, இதைப் பத்திரப்படுத்துங்கள். பல டிவிகளில் இந்த எம்.பி.ஜி. கோப்பு அப்படியே ஓடும். ஓடாவிட்டால் மட்டும் ஹெச்.264க்கு மாற்றி ஒரு பார்வைப்பிரதி செய்துகொள்ளுங்கள்.

மாற்றும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. வீசிடியின் சட்டகம் 352க்கு 288 புள்ளிகள். அது 4:3 என்ற பழைய டிவி வடிவத்துக்காக எடுக்கப்பட்டது; அதை அகலத் திரை முழுவதற்கும் இழுத்துவிட்டால் மாப்பிள்ளை தொடங்கிப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் பருத்துத் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி. இரண்டாவது, படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருகிறோம் என்ற வாக்குறுதி. வீசிடியில் ஒரு சட்டகத்துக்கு ஒரு லட்சம் புள்ளிகள்தான் இருக்கின்றன, முழு ஹெச்.டி.யில் அதைப்போல் இருபது மடங்கு. இல்லாத பத்தொன்பது பங்கையும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஊகித்து வரைகின்றன. பந்தலுக்கும் சுவருக்கும் அது பரவாயில்லை. மறைந்துபோன பெரியவர்களின் முகத்தில் அதைச் செய்தால், அவர்களைப் போலவே தோன்றும் வேறு யாரோ திரையில் வந்து நிற்பார்கள். நான் அந்த வேலையை மறுத்துவிடுகிறேன்.

கைக்கேமராவின் எம்.டி.எஸ். கோப்புகளில் படம் ஓடியதே ஒரு நல்ல செய்தி. 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏ.வி.சி.ஹெச்.டி. முறையைச் சேர்ந்தவை அவை. படம் ஹெச்.264, ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏ.சி.3. விலை குறைந்த டிவிகளில் டால்பிக்கு உரிமம் வாங்காமல் விட்டுவிடுவது உண்டு; அதனால்தான் ஒலி வரவில்லை. திரைப்படக் கோப்புகளில் டி.டி.எஸ். ஒலி இருந்தால் பெரிய டிவிகளில்கூட இதே கதை நடக்கும். இங்கே படத்தைத் தொடவே கூடாது. அவிடெமக்ஸ் என்ற இலவசச் செயலியில் படத்துக்கு நகல் என்றும், ஒலிக்கு ஏ.ஏ.சி. என்றும், பெட்டிக்கு எம்.பி.4 என்றும் தேர்ந்து சேமியுங்கள். ஒரு மணி நேரப் படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தை அவிழ்க்காமல் அப்படியே தூக்கி வேறு பெட்டியில் வைப்பதுதான் அந்த வேகத்துக்குக் காரணம். மெமரி கார்டில் நீளமான காட்சிகளைக் கேமராவே துண்டாக வெட்டியிருக்கும். கோப்புகளை எண் வரிசையில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு மாற்றுங்கள்; தனித்தனியாக மாற்றினால் வெட்டிய இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப்போகலாம்.

தம்பி அதே வீடியோவைக் கைபேசியில் பார்த்தால், ஆட்கள் வேகமாக நகரும் இடங்களில் ஓரங்கள் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிகிறது என்று சொல்லக்கூடும். அது பழுதன்று. அந்தக் காலக் கேமராக்கள் ஒரு சட்டகத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த ஐம்பதில் ஒரு நொடியிலும் பதிந்தன. இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால், இடைப்பட்ட நேரத்தில் ஆள் நகர்ந்த தூரம் சீப்பாகத் தெரிகிறது. டிவிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். கைபேசிகளும் வாட்ஸ்அப்பும் செய்வதில்லை. கைபேசிக்கென்று தனிப்பிரதி வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றுச் செயலியில் வரிகளைப் பிரித்துச் சேர்க்கும் வடிகட்டியை இயக்கி, வினாடிக்கு 50 சட்டகமாக மாற்றுங்கள். 25ஆகக் குறைத்தால் அசைவின் வழுவழுப்பு போய்விடும். உம்மாவின் டிவிக்கு இந்த வேலை தேவையில்லை.

காக்காவின் ஐபோன் கோப்புகளில் தடை படத்தில் இருக்கிறது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற இயங்குதளம் முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தியவையும் இயல்பாகவே ஹெச்.265இல்தான் பதிகின்றன, ஒலி ஏ.ஏ.சி. என்பதால் அது மட்டும் கேட்டிருக்கிறது. உங்கள் மடிக்கணினி ஒரு நீட்டிப்புக்குப் பணம் கேட்டிருந்தால் அதுவும் இதே உரிமக் கட்டணம்தான், வி.எல்.சி.யை நிறுவினால் கணினி அளவில் அந்தத் தொல்லை தீரும். இதில் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. ஐபோன் 12 முதல் வீடியோவை எச்.டி.ஆர். என்ற விரிந்த வெளிச்ச எல்லையில் 10 பிட்டாகப் பதிகிறார்கள். ஹெச்.265 தெரிந்த சில பழைய கருவிகளுக்கும் 10 பிட் தெரியாது. இன்டெல் நிறுவனத்தின் கணினிச் சில்லுகளில்கூட 8 பிட்டுக்கான சுற்று ஆறாம் தலைமுறையிலும் 10 பிட்டுக்கானது ஏழாம் தலைமுறையிலும்தான் வந்தது. எச்.டி.ஆர். படத்தைச் சாதாரண ஹெச்.264ஆக மாற்றும்போது வெளிச்சத்தையும் வண்ணத்தையும் இறக்கிச் சீர்செய்யும் படியைச் சேர்க்காவிட்டால், மதிய வெயிலில் எடுத்த கடற்கரை சாம்பல் பூத்தாற்போல வெளிறிவிடும். ஒரு துண்டை மாற்றி, வெள்ளைச் சட்டையும் முகமும் மூலத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

எளிய வழி ஒன்றும் உண்டு. ஐபோனின் படங்களுக்கான அமைப்பில், கணினிக்கு மாற்றும்போது தானியங்கி என்ற தேர்வை வைத்துக் கம்பிவழி நகலெடுத்தால், போனே பொதுவாக எங்கும் ஓடும் வகைக்கு மாற்றிக் கொடுக்கும். இனிமேல் எடுப்பவற்றுக்குக் கேமரா அமைப்பில் அதிகப் பொருத்தம் என்ற வகையைத் தேர்ந்து, எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிட்டு, 1080 அளவில் 30 சட்டகம் என்று வைக்கச் சொல்லுங்கள். துபாயிலிருந்து அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் செயலி மறுபடி சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே வந்துசேரும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த காட்சிகள் டிவியில் படுத்துக்கிடந்தால் பதற வேண்டாம். படத்தைத் திருப்பிக் காட்டு என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது, பழைய டிவி அதைப் படிக்கவில்லை; ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது படமே திருப்பி எழுதப்பட்டுவிடும்.

பெட்டி மாற்றுவதையும் மறுபடி சுருக்குவதையும் பிரித்துப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு சொந்த அனுபவம் காரணம். 2009இல் எங்கள் ஊர்த் தேர்பவனியை மினிடிவி (MiniDV) என்ற சிறு கேமரா நாடாவில் எடுத்திருந்தேன். அது மணிக்கு 13 ஜிபி. அன்றைக்கு அவ்வளவு இடம் ஏது? சிடி ஒன்றில் அடங்கும்படி 700 எம்பி எக்ஸ்விட் ஏ.வி.ஐ.யாகச் சுருக்கிக்கொண்டு, அதே நாடாவில் அடுத்த வாரம் ஒரு திருமணத்தைப் பதிந்துவிட்டேன். அன்றைய 21 அங்குல டிவியில் குறை தெரியவில்லை. இன்று 55 அங்குலத் திரையில் தேரின் விளக்குகள் சதுரம் சதுரமாக நகர்கின்றன. கருவாடு மீனாகாது. பார்வைப்பிரதியை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். மூலப்பிரதியை ஒரு வன்வட்டிலும், இன்னொரு வீட்டில் இருக்கும் வேறொரு வன்வட்டிலும் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மறுபடி சுருக்கியே ஆக வேண்டிய இடத்தில் ஹேண்ட்பிரேக்கில் ஹெச்.264 தேர்ந்து, தர எண்ணை 20க்கும் 22க்கும் இடையில் வையுங்கள். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். அளவை முதலில் முடிவுசெய்துவிட்டுத் தரத்தை அதற்குள் திணிப்பது சிடி காலத்துப் பழக்கம். இப்போது அதற்குத் தேவை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கடற்கரைக்காரர்களுக்கு இது அடிக்கடி நேர்வதால். தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் நாட்டுப்படகில் கணவாய் மீன் பிடிக்கப் போனபோது சிறு கேமராவைக் கட்டிவைத்துப் பதிந்திருக்கிறார். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிட்டது. கார்டில் 1.8 ஜிபிக்கு ஒரு எம்.பி.4 கோப்பு இருக்கிறது, எந்தச் செயலியிலும் திறக்கவில்லை. எம்.பி.4 பெட்டியின் அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. நிறுத்துவதற்குள் மின்சாரம் போனால் மீன் முழுதும் உள்ளே இருக்கும், கணக்குச் சீட்டு மட்டும் இருக்காது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவிக்கு இரண்டையும் கொடுத்தேன். நல்ல கோப்பின் அமைப்பைப் பார்த்து உடைந்த கோப்புக்கு அது ஓர் அட்டவணையை எழுதிக்கொடுத்தது. கடைசிச் சில நொடிகள் தவிர எல்லாம் கிடைத்தன. இப்படி நேர்ந்தால் அந்தக் கார்டில் மேலும் எதையும் பதியாமல் எடுத்துவைப்பதே முதல் வேலை.

உம்மாவுக்காகச் சில காட்சிகளில் தமிழில் வரிகள் சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வசன வரிகளுக்கான எஸ்.ஆர்.டி. கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாக வரும். சரியாகச் சேமித்தாலும் பல டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. யூனிகோடில் ககரம் போன்ற அடிப்படை எழுத்து முதலிலும் ஒற்றைக் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன; திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டியது கருவியின் பொறுப்பு. அது தெரியாத டிவியில் கெளுத்தி என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்கு டிவியில் மருந்து இல்லை. ஹேண்ட்பிரேக்கில் அந்த வரிகளைப் படத்தின் மேலேயே பதித்துவிடும் தேர்வை இட்டு மாற்றுங்கள்; அந்தப் பிரதியில் எழுத்து படத்தின் பகுதியாகிவிடும், எந்த டிவியிலும் சரியாகத் தெரியும்.

கடைசியாகப் பென்டிரைவ். பழைய டிவிகள் எஃப்.ஏ.டி.32 என்ற முறையில் வடிவமைத்த பென்டிரைவைத்தான் உறுதியாகப் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஐந்து மணி நேரத் திருமணத்தை ஒரே கோப்பாக நகலெடுக்கும்போது, பென்டிரைவில் இடமிருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுப்பது இதனால்தான். டிவி, இந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். படிக்காவிட்டால் வீடியோவை நிக்காஹ், விருந்து என்று பகுதிகளாக வெட்டிவிடுவது நல்லது, உம்மாவுக்கும் ரிமோட்டில் தேட எளிது. பெயர்களைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆகவே 01, 02 என்று எண்ணில் தொடங்கி, பின்னால் ஆங்கில எழுத்தில் ஒரு சொல் போதும். மூன்று வகையிலிருந்தும் இரண்டிரண்டு நிமிடத் துண்டுகளை மட்டும் முதலில் மாற்றி, அந்த ஆறு நிமிடத்தை உம்மாவின் டிவியிலேயே போட்டுப் பாருங்கள். படம், ஒலி, முகத்தின் வடிவம், வண்ணம் நான்கும் சரியாக இருந்தால் அதே அமைப்பில் மீதி எல்லாவற்றையும் இரவோடு இரவாக ஓடவிடலாம். ஏதாவது ஒன்று தவறினால் மீடியாஇன்ஃபோ காட்டும் விவரத்தையும் டிவியின் மாதிரி எண்ணையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.